குறைப்பெட்டி

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், அந்தப் பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். கையெல்லாம் விட மாட்டேன், வெளியிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். ஆமாம். அதேதான். லேப்டாப் மூடியில் வெடித்த பருத்திக்காய் படம் ஒன்று ஒட்டியிருக்கிறதே, அது நான் வரைந்தது.

நம்ப வேண்டாம். யாரும் நம்புவதில்லை.

உங்கள் தங்கை பள்ளிக்கூடத்து லேப்டாப்பா? அவர் டீச்சரா? ராஜபாளையம் போகிற வழியில் ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னாரா? நல்லது. என்ன கோளாறு? பொத்தானை அழுத்தினால் உயிரே வரவில்லையா? அப்படியென்றால் பேட்டரியாக இருக்கும். இல்லாவிட்டால் சார்ஜர் சொருகுகிற இடம் தேய்ந்து போயிருக்கும். உள்ளே இருப்பதில் கோளாறு இருக்காது. உள்ளே ஓடுகிற மென்பொருளுக்குப் பெயர் பஞ்சு. அதைச் செய்தது நான். இப்போது பஞ்சு இருக்கிறதோ, அதை எடுத்துவிட்டு என்கூடப் படித்தவளுடைய நூலைப் போட்டிருக்கிறார்களோ, தெரியாது. நூலாகத்தான் இருக்கும். மூடியில் என் படம், உள்ளே அவள் சரக்கு.

நான் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அக்கா. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சரியான சில்லறையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். காசைப் பார்த்து அவரே ஊரைக் கண்டுபிடித்துக்கொள்வார். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது எனக்கும் சேர்த்து என் தோழி ஆவுடைதான் குரல் கொடுப்பாள். 'மதிவதனி?' என்றால் 'இருக்கா மேம், இந்தா இருக்கா' என்று என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். வகுப்பே சிரிக்கும்.

அந்த ஆவுடைதான். ஆவுடைச்செல்வி. இன்றைக்குப் பதினொரு மணிக்கு ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விழா. நான் அங்கேதான் போகிறேன். வாழ்த்துவதற்கு இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. பதினொரு மணிக்கு அங்கே ஒன்று நடக்கும், அதைப் பார்க்க வேண்டும். என்ன நடக்கும் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவள் எனக்குச் செய்ததைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், அதற்குத் துரோகம் என்று பெயரா இல்லையா என்று.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் லேப்டாப் கொடுத்ததே, எங்கள் இரண்டு பேருக்கும் அதே வகைதான் கிடைத்தது. இதோ உங்கள் மடியில் இருப்பதும் அதுதான். நாங்கள் பொறியியல் கடைசி வருடம் வருவதற்குள் அதற்கு மூப்பு வந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துத் தலைதுவட்டி வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்க அவள் வீட்டிலும் வசதி இல்லை, என் வீட்டிலும் இல்லை. என் அப்பா அம்மா இரண்டு பேரும் நூற்பாலையில் வேலை பார்க்கிறார்கள்.

கணினி என்றால் தகரமும் பிளாஸ்டிக்கும்தான் அக்கா. எழுத்தை வாங்க, படத்தைக் காட்ட, உள்ளே ஒன்று ஓட வேண்டும். காசு கொடுத்து வாங்குவது ஒரு வகை. லினக்ஸ் இன்னொரு வகை. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வேண்டாததைக் கழிக்கலாம், வேண்டியதைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டில் யாரோ நாலைந்து பேர் கட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்தேன். கழிக்க ஆரம்பித்தேன். அவர்களைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் லினக்ஸ். அது வேறு விஷயம், ஆவுடை செய்தது வேறு விஷயம்.

கழிப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு கதவை எடுத்தால் எங்கோ ஒரு சுவர் விழும். எந்தச் சுவர் எந்தக் கதவை நம்பி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அம்மா பின்னால் வந்து நின்று பார்ப்பாள். 'ஊர்ல பிள்ளைங்க எல்லாம் புதுசு புதுசா என்னமோ உண்டாக்குதாங்க. நீ ஏம்மா இருக்கறதையும் எடுத்துக்கிட்டே கெடக்க?' என்பாள். ஆனால் ஒருநாள் பொத்தானை அழுத்தினேன், சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன், திரை வந்து நின்றது. அப்பா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்தார். தலையெல்லாம் பஞ்சு. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தேன். அவ்வளவு லேசு.

ஆவுடையிடம் காட்டினேன். அவள் குதித்தாள். 'ஏட்டி மதி, இதை நம்ம ரெண்டு பேரும் வச்சிக்கிட்டு என்ன செய்ய? எத்தனை வீட்டுப் பரண்ல லேப்டாப் சும்மா கெடக்கு! எத்தனை ஸ்கூல்ல பீரோக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க! கொண்டுபோயி போட்டுக் குடுப்போம்ட்டி' என்றாள்.

பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் யோசனை ஆவுடையுடையது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். யோசனை யாருக்குத்தான் வராது? செய்தது யார்?

வேலையைப் பிரித்துக்கொண்டோம். உள்வேலை எனக்கு, வெளிவேலை அவளுக்கு. தமிழில் தட்டச்சு செய்யும் பகுதியை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்ற அந்த வரிசை அவளுக்குப் பள்ளியிலேயே பழக்கம். எனக்கு அது வராது. நான் போனில் ஆங்கிலத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழில் வரவைக்கிற ஆள். சனிக்கிழமை ஆனால் பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். சங்கரன்கோவிலைச் சுற்றி இருக்கிற பள்ளிக்கூடம், அப்புறம் கரிவலம், அப்புறம் இந்தப் பக்கம் சோழபுரம் வரைக்கும். பஞ்சைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு விசையின் மூலையிலும் ஒரு தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். 'நாலாப்பு அஞ்சாப்புப் பிள்ளைங்கட்டி. ஏபிசிடியை மனப்பாடமாச் சொல்லுதுங்க, எழுதச் சொன்னா முழிக்குதுங்க. ஸ்டிக்கரைப் பாத்துத் தட்டுனா அது பேரு அதுக்குத் தெரியுது. அப்ப அதுங்க மூஞ்சியைப் பாக்கணுமே நீ' என்பாள்.

நான் பார்த்ததில்லை. ஒரு தடவைகூடப் போனதில்லை. அங்கே எனக்கு என்ன வேலை? டீச்சர்கள் உட்காரச் சொல்லுவார்கள், டீ கொடுப்பார்கள், சாதம் சாப்பிடச் சொல்லுவார்கள். நினைத்தாலே எனக்கு வியர்த்துவிடும். அவள் எல்லாருக்கும் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவாள். இந்த வட்டாரத்தில் எல்லா டீச்சரிடமும் ஆவுடையின் நம்பர்தான் இருக்கும். என்னுடையது ஒருவரிடமும் இருக்காது.

அதற்காக நான் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். குறைப்பெட்டி வைத்தது நான்தான். திரையில் ஓரமாகச் சிவப்பாக ஒரு தபால்பெட்டி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு கட்டம் வரும். குறையை எழுதி 'அனுப்பு' என்று கொடுத்தால் என் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். எனக்கு மட்டும்தான் வரும். நிறைய வந்தது அக்கா! 'அக்கா நான் வரஞ்ச மாடு அழிஞ்சிட்டு.' 'அக்கா சுப்புலட்சுமி என்னையத் தொடவிடமாட்டேங்கா.' 'அக்கா நீங்க கணக்கு டீச்சரா?' 'அக்கா இன்னைக்கு எங்க ஸ்கூல்ல முட்டை.' இதெல்லாம் குறையா சொல்லுங்கள். இருந்தாலும் எல்லாவற்றையும் படிப்பேன். பதில் எழுத மாட்டேன், எனக்கு அதெல்லாம் வராது. மாடு ஏன் அழிந்தது என்று தேடிச் சரிசெய்து அடுத்த பஞ்சில் அனுப்புவேன். அதுதான் என் பதில்.

எல்லாம் அக்கா, அக்கா என்றுதான் தொடங்கும். அக்கா என்றால் ஆவுடை. ஸ்டிக்கர் ஒட்டியது அவள்தானே. கேள்வி அவளுக்கு, வேலை எனக்கு.

கண்டக்டர் என்ன சொல்கிறார்? கரிவலமா? நமக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமையாசிரியர் ஆவுடைக்குப் பொன்னாடை போர்த்துகிறார். அந்தப் படத்தை அவளே எனக்கு அனுப்பி, கீழே சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன் போட்டேன். நான் யாருக்கும் போன் போட மாட்டேன், அன்றைக்குப் போட்டேன்.

'என் பேரைச் சொன்னியா?'

'நாங்க ரெண்டு பேரும் செஞ்சதுன்னு சொன்னேன்ட்டி.'

'பேரைச் சொன்னியா?'

அதற்கு அவள் சொன்னாள், 'மேடையில பதட்டத்துல விட்டுட்டேன். தப்புதான். சரி, இப்படிச் செய்யுதேன். ஒவ்வொரு ஸ்கூலாப் போயி, பிள்ளைங்கிட்ட நானே சொல்லுதேன். இதைச் செஞ்சது மதி அக்கா, குறை இருந்தா மதி அக்காவுக்குத்தான் எழுதணும்னு போர்டுலயே எழுதிப் போட்டுட்டு வாரேன். இனிமே உன் பேரு சொல்லித்தான் எழுதுவாங்க. போதுமாட்டி?'

போதும் என்று சொன்னேன். நம்பினேன்.

அதே மாதம் மூன்றாவது பஞ்சை வெளியிட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பஞ்சும் முந்தினதைவிட லேசாக இருக்க வேண்டும், அது என் பிடிவாதம். எதை எடுப்பது? அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் பார்ப்பேன். இதைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? ஒரு குறை, ஒரு கேள்வி, ஏதாவது? ஒருத்தரும் பேசவில்லை என்றால் அது யாருக்கும் வேண்டாதது. எடுத்துவிடு. யாராவது கேட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். நியாயமான முறைதானே? அந்த முறைப்படிதான் பெரிய அகராதியை எடுத்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. அச்சடிக்கும் பகுதியை எடுத்தேன், அந்தப் பள்ளிக்கூடங்களில் அச்சு இயந்திரமே கிடையாது. மூன்றாவது பஞ்சில் தமிழ்த் தட்டச்சை எடுத்தேன். அது எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் அக்கா, இடத்தைப் பிடித்துக்கொண்டு. அதைப் பற்றி அதுவரைக்கும் ஒரே ஒரு குறைகூட வந்ததில்லை.

ஆவுடையிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். வெளியீட்டுக் குறிப்பில் போட்டிருந்தேன். அவள் படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அது எப்படித் திறந்தது தெரியுமா? குடையை ஆணியில் மாட்ட நேரம் இருக்காது. பென் டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மாற்றிவிட்டு வந்தாள். அவசரத்தில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

நான் குறைப்பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், குறைக்காகக் காத்திருக்கவில்லை. 'மதி அக்கா' என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன். சிரிக்காதீர்கள். சுப்புலட்சுமியோ யாரோ ஒரு பிள்ளை என் பெயரைச் சொல்லி எழுதியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஒன்று வரவில்லை அக்கா. ஒரு 'மதி அக்கா' வரவில்லை.

வந்தது என்ன தெரியுமா? கிறுக்கல். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் போட்டுத் தட்டுவார்களே, அந்த மாதிரி. கே, எல், எஸ், ஏ, எச், எச், க்யூ என்று ஆங்கில எழுத்துகள். அர்த்தமே கிடையாது. இதற்கு முன்னால் ஒழுங்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான்! அனுப்பும்போது ஏதும் கெட்டுப்போகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ராத்திரி பகல் பாராமல் தேடினேன். ஒன்றும் இல்லை. தட்டியது தட்டியபடி அப்படியே வந்திருக்கிறது. அதிலும் எரிச்சல் என்னவென்றால் எல்லாமே ஒரே மாதிரி தொடங்கும். கிறுக்குவதைக்கூட ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பியடித்திருக்கிறான்.

அப்போதுதான் புரிந்தது. ஆவுடை சொல்லவே இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் என் பெயரைச் சொல்கிறேன் என்றாளே, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை பிள்ளைகளில் ஒன்றாவது எழுதியிருக்காதா? வாயால் ஒன்று சொல்லிவிட்டுக் காரியத்தில் வேறு. முதல் துரோகம் அதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிறுக்கல் வந்துகொண்டே இருந்தது. நான் ஒரு சல்லடை எழுதினேன். அந்த ஏழு எழுத்தில் தொடங்கும் எதுவும் என் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போய்விடும். பெட்டி சுத்தமாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. எப்போதாவது ஒரு டீச்சர் ஆங்கிலத்தில் 'சூப்பர்' என்று எழுதுவார். அவ்வளவுதான். மூன்றாவது பஞ்சு மாதிரி ஒன்றை நான் செய்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆவுடை வருகிறாள், வீட்டுக்கே. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசல்படியில் நின்றுகொண்டே, 'ஏட்டி, தமிழை எடுத்துட்டியா?' என்றாள்.

'குறிப்புல போட்டிருந்தேனே.'

'எல்லா ஸ்கூல்லயும் தமிழ் வரமாட்டேங்குன்னு சொல்லுதாங்கட்டி. டீச்சர்ங்க போன் மேல போன் போடுதாங்க. திருப்பி வையி.'

'எனக்கு ஒருத்தரும் எழுதலையே' என்றேன். 'குறைன்னா குறைப்பெட்டியில வரணும். உனக்குப் போன்ல வர்றதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? யாரு கேட்டா, காட்டு.'

'எப்படிட்டி கேப்பாங்க?'

பாருங்கள். கேள்வி கேட்டால் என்னையே திருப்பிக் கேட்கிறாள். 'எப்படிக் கேப்பாங்க' என்பது ஒரு பதிலா? நான் அதைத்தான் சொன்னேன். அவள் ரொம்ப மெதுவாக, 'நீ ஒரு நாள் என்கூட வாட்டி. ஒரே ஒரு ஸ்கூலுக்கு. வந்து அந்த லேப்டாப்பைத் திறந்து பாரு. நான் சொன்னா உனக்கு ஏற மாட்டேங்கு' என்றாள்.

எதற்குப் போக வேண்டும்? பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கவா? வர மாட்டேன் என்றேன். 'நீ என் பேரைச் சொல்றேன்னு சொல்லிட்டுச் சொல்லவே இல்லை. நீ சொன்னா நான் எதை நம்ப?' என்றும் கேட்டேன்.

'சொன்னேன்' என்றாள்.

'பொய்.'

அவ்வளவுதான். போய்விட்டாள். அம்மா டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள். நான் கூப்பிடவில்லை. அன்றைக்கே அவள் நம்பரை அழித்துவிட்டேன். அவளிடமிருந்து எதுவும் வராதபடி தடுத்தும் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் பஞ்சு ஓடுகிற லேப்டாப்புகள் ஒன்றொன்றாகக் குறைய ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் அவ்வப்போது என் கிடங்கைத் தட்டிப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும், அதை வைத்து எனக்குத் தெரியும். கிடங்கு என்பது பஞ்சுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருக்கிற இடம். எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினிதான் கிடங்கு. தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம் வேறு பெயரில் தட்ட ஆரம்பித்தார்கள். நூல் என்று. யார் நூல்? பார்த்தால் ஆவுடை. என் பஞ்சை அப்படியே எடுத்து, தமிழ்த் தட்டச்சைத் திரும்ப ஒட்டவைத்து, பெயரை மாற்றி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்திருக்கிறாள். அதிலும் மேலே சேர்த்தது மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. அடியில் உள்ளதை எல்லாம் இன்னும் என் வீட்டுப் பீரோவுக்குப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறாள்!

கல்லூரியில் கூடப் படித்தவர்களிடம் சொன்னேன். 'லினக்ஸ்தானே மதி, யாரு வேணும்னாலும் எடுக்கலாமே' என்றார்கள். எடுக்கலாம். சட்டப்படி எடுக்கலாம். நான் சட்டத்தையா பேசுகிறேன்? ஒரே பெஞ்சில் நாலு வருடம் உட்கார்ந்தோமே. என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாளே.

போன வாரம் எங்கள் வகுப்புக் குழுவில் யாரோ அழைப்பிதழைப் போட்டார்கள். நூல் வெளியீட்டு விழா. பெரிய எழுத்தில் ஆவுடைச்செல்வி. கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏதேதோ இருந்தது, நான் படிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா? நாற்பது லேப்டாப்பை வரிசையாக வைத்து, பிள்ளைகளே பொத்தானை அழுத்தி, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நூலை ஏற்றப் போகிறார்களாம். பதினொரு மணிக்கு. பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள்.

சொல்கிறேன் என்றேனே, இதுதான் அது. பதினொரு மணிக்குக் கிடங்கு தானாக மூடிக்கொள்ளும். எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளைகள் பொத்தானை அழுத்துவார்கள், நாற்பது திரையிலும் 'கிடைக்கவில்லை' என்று வரும். மேடையில் ஆவுடை நிற்பாள். அப்போது அவளுக்குத் தெரியும், அடியில் இருந்தது யாருடையது என்று. இங்கிருந்து நானே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். பஸ்ஸில் வரும்போது மனசு இளகிவிட்டால்? அப்பா அம்மாவும் ஆலையில் இருப்பார்கள், வீடு பூட்டியிருக்கும்.

பிள்ளைகள் பாவம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு என் பெயர்கூடத் தெரியாதே அக்கா. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்களா?

ரயில்வே கேட் போட்டுவிட்டார்களா? பரவாயில்லை, போய்விடலாம்.

என்ன செய்கிறீர்கள்? அதை எதற்குத் திறக்கிறீர்கள்? அதுதான் உயிரே வரவில்லை என்றீர்களே. என்ன கேட்டீர்கள், முதலிலிருந்து சொல்லவா? எந்த எழுத்து? அந்தக் கிறுக்கலா? அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சொல்கிறேன், எனக்கு அது மறக்குமா? சல்லடையில் என் கையாலேயே எழுதியதாயிற்றே. முதலில் கே.

ஆமாம், அதுதான் கே. மூலையில் இருப்பது ஆவுடை ஒட்டின ஸ்டிக்கர். பாதி பிய்ந்துவிட்டது. 'ம' போட்டிருக்கிறது. அடுத்தது எல். அதில் 'த'. அப்புறம் எஸ். 'இ'.

ம, த, இ.

அது ஏதோ... இருங்கள். அடுத்து ஒரு இடைவெளி. அப்புறம் ஏ. அதில் 'அ'. எச். 'க'. மறுபடியும் எச். 'க'. க்யூ எங்கே இருக்கிறது? மேல் வரிசையில், ஓரமாக. 'ஆ'.

அ, க, க, ஆ.

நீங்கள் சேர்த்துப் படிக்காதீர்கள் அக்கா. நான் படித்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறமா? அதற்கப்புறம் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக வரும். ஒன்று நினைவிருக்கிறது, அடிக்கடி வந்தது. எல், கே, எஸ், ஒரு சாய்கோடு, எஃப். அப்புறம் வி, எம், என். நீங்களே பாருங்கள், எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது. த, ம, இ, ழ. அந்த எஃப்-இல் இருப்பது புள்ளி. வ. ர. ல.

தமிழ் வரல.

தட்டியது தட்டியபடி வந்திருக்கிறது என்று நானே சொன்னேனே. இப்போதுதானே உங்களிடம் சொன்னேன்.

மற்றதையா? மற்றது இல்லை அக்கா. குப்பை மாதத்துக்கு ஒரு தடவை தானாகக் காலியாகிவிடும். மாடு அழிந்ததோ, முட்டை போட்டார்களோ, என்ன எழுதினார்களோ. என் பெயர் போட்டு வந்தது எல்லாம் நேரே அங்கேதான் போனது. நான்தான் அப்படி எழுதி வைத்தேன். அவள் சொல்லியிருக்கிறாள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் ஒன்று நினைவில் இருக்கிறது, சல்லடை போடுவதற்கு முன்னால் கடைசியாகக் கண்ணில் பட்டது. சின்னது. அதே மாதிரி தொடங்கி, அப்புறம் நாலே எழுத்து. வி. க்யூ. பி. எச். வி என்றால் 'வ', பார்த்தோம். க்யூ 'ஆ'. பி-யில் என்ன இருக்கிறது, 'ங'வா? எச் தெரியும். 'க'.

வாங்க.

அக்கா, மணி என்ன? இல்லை, சரியாகச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் இருக்கிறது? கேட் இப்போதைக்குத் திறக்காது. உங்கள் போனை எடுங்கள். பதினொன்றுக்கு முன்னால் கிடங்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ள ஆவுடையிடம் சொல்ல வேண்டும். விழா தொடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே, இந்த நிமிடமே ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். நான் பேசுகிறேன். நானே பேசுகிறேன். என் போனில் அவள் நம்பர் இல்லை. உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் கேளுங்கள் அக்கா, அவரிடம் இருக்கும். இந்த வட்டாரத்தில் எல்லா டீச்சரிடமும் ஆவுடையின் நம்பர்தான் இருக்கும்.